பிரான்ஸ் கரையில் சின்னப் படகு: ஆள் இல்லாத மாதங்களுக்கான கேள்வி-பதில்

இங்கிலாந்தில் வேலை, பிரான்ஸின் பிரிட்டனி கரையில் ஒரு விடுமுறை வீடு, அதன் பக்கத்தில் நாலு முதல் ஆறு மீட்டர் நீளத்தில் ஒரு மோட்டார் படகு. இப்படிப்பட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம். வருடத்தில் நாலு வாரம்தான் படகு ஓடுகிறது. மீதி நாற்பத்தெட்டு வாரமும் பார்க்க ஆளில்லாமல் கிடக்கிறது. படகு கெடுவதும் அப்போதுதான் என்பதால், பதில்கள் பெரும்பாலும் அந்த மாதங்களைப் பற்றியே இருக்கும்.

இங்கிருந்து படகை இழுத்துப் போவதா, அங்கேயே வாங்குவதா?

படகு அங்கேயே நிரந்தரமாகக் கிடக்கப் போகிறது என்றால் அங்கேயே வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கிறது. இங்கே வசிப்பவர் தன் படகை அங்கே கொண்டுபோனால், ‘தற்காலிக அனுமதி’ முறையில் 18 மாதம் வரி கட்டாமல் வைத்திருக்கலாம். அதற்குள் படகு ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும். தவறினால் இறக்குமதியாகக் கணக்கிடுவார்கள். பிரான்ஸில் வாட் வரி 20 சதவீதம். ஒரு வாரம் விடுப்பு எடுத்துப் போகிறவர் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை படகைத் திருப்பி இழுத்து வருவது நடக்கிற காரியமில்லை.

அங்கேயே வரி கட்டி விற்கப்பட்ட படகுக்கு இந்தக் கெடு கிடையாது. பழைய படகை வாங்கினால் முதல் உரிமையாளரின் வாட் ரசீது நகல், விற்பனைப் பத்திரம், பிரெஞ்சுக் கொடிப் பதிவிலிருந்து நீக்கிய சான்று ஆகிய மூன்றையும் வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். வருடத்தில் 185 நாள் ஐக்கிய இராச்சியத்தில் வசிப்பவர், அந்நாட்டுக் கப்பல் பதிவேட்டின் மூன்றாம் பகுதியில், அதாவது சிறு கப்பல் பதிவேட்டில், படகைப் பதிந்துகொள்ளலாம். பிறகு அந்தப் படகை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தால் இங்கே மறுபடி வாட் கேட்பார்கள். அதனால் விற்பதும் அங்கேயே நடக்கட்டும்.

படகின் 18 மாதக் கணக்கும் உங்கள் கணக்கும் வேறு வேறு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் உள்ளவர் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் பகுதியில் தங்கலாம்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாமா?

மோட்டார் 6 குதிரைத்திறனுக்கு, அதாவது 4.5 கிலோவாட்டுக்கு, மேல் போகாவிட்டால் பிரான்ஸில் கடலில் ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. நாலு மீட்டர் படகில் இரண்டு பேர் மீன்பிடிக்கப் போக அது போதும். அதற்கு மேற்பட்ட மோட்டார் என்றால் ஐ.சி.சி. எனப்படும் சர்வதேசத் தகுதிச் சான்றைக் கையில் வைத்திருங்கள். எந்த மோட்டாராக இருந்தாலும் கரையிலிருந்து 300 மீட்டருக்குள் 5 நாட் (மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பகுதியில்தான் குழந்தைகள் நீந்திக்கொண்டிருப்பார்கள். மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவரின் காலில் மாட்டியே இருக்கட்டும்.

சென்ற கோடையில் நன்றாக ஓடிய அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார்) இந்த வருடம் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன தவறு?

முதலில் பெட்ரோலைச் சந்தேகியுங்கள். பெட்ரோல் பங்கில் ‘இ10’ என்று வட்ட முத்திரை உள்ள பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து, டாங்கின் அடியில் போய்த் தங்கிவிடும். எரிபொருள் குழாயும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிஞ்சியது காய்ந்து கோந்தாகி, ஊசித்துளை போன்ற ஜெட்டை அடைத்துவிடும். படகுக்கு எப்போதும் ‘எஸ்.பி. 98’ போடுங்கள். அது ‘இ5’ வகை, எத்தனால் பாதிதான். கிளம்பும் நாளில் மீதியைக் காரில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள்.

விடுமுறையின் கடைசி நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் மோட்டாரை ஒழுங்காக மூடி வைக்கலாம். நல்ல தண்ணீர் நிரம்பிய தொட்டியில் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். கார்புரேட்டர் வகை என்றால் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். பிறகு கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து மிச்சத்தை வடியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் பாதுகாப்பு எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்து, கையால் நாலைந்து சுற்று சுற்றுங்கள்.

அடுத்தது கியர் எண்ணெய். இதை வசந்த காலத்துக்குத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம், ஆனால் அது இலையுதிர் காலத்து வேலை. கியர் உறையின் அடித் திருகை முதலில் திறந்து, பிறகு மேல் திருகைத் திறந்தால் எண்ணெய் இறங்கும். அது பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டால் குளிர்காலம் முழுக்க பேரிங்குகள் தண்ணீரில் ஊறித் துருப்பிடிக்கும். கடும் உறைபனி விழுந்தால் கியர் உறையே வெடிக்கலாம். புது எண்ணெயை அடித்துளை வழியாகவே ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கும். மேல் துளையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல் திருகையும், அடுத்து கீழ்த் திருகையும் மூடுங்கள். மேலே மூடியிருந்தால் கீழே குழாயை எடுக்கும்போது எண்ணெய் கொட்டாது. இரண்டு திருகுக்கும் புது வாஷர் போட வேண்டும்.

தண்ணீர் பம்பில் நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான ரப்பர் இம்பெல்லர் பதினொரு மாதம் ஒரே பக்கம் மடிந்து கிடப்பதால், அந்த மடிப்பு நிரந்தரமாகிவிடும். வருடத்துக்கு ஒன்று மாற்றுங்கள். மோட்டாரை நட்டுக்குத்தாக வையுங்கள். நாலு-ஸ்ட்ரோக் மோட்டாரைப் படுக்க வைத்தே ஆக வேண்டுமென்றால், கையேடு சொல்லும் பக்கமாக மட்டும் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

வீட்டோடு, கடலில் படகைக் கட்டும் மிதவையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார் வீட்டை விற்பவர். நம்பலாமா?

நம்ப வேண்டாம். கடலும் அலை வந்து போகும் கரையும் பிரான்ஸில் அரசுச் சொத்து. மிதவை போட்டுப் படகைக் கட்டுவதற்குத் தற்காலிக அனுமதி தேவை, அந்த அனுமதி ஒருவர் பெயரில் தரப்படுவது. வீட்டை விற்றாலும் படகை விற்றாலும் அது கைமாறாது. துறைமுக அலுவலகத்திலோ ஊர் நகரமன்றத்திலோ உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தால், கரையில் அடுக்கி வைத்து, கேட்கும் நாளில் இறக்கித் தரும் ‘உலர் துறைமுகம்’ ஒன்றைத் தேடுங்கள். வருடத்தில் சில வாரமே வருகிறவருக்கு அதுவே மேல் என்பது எங்கள் எண்ணம். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாது, புயல் நாளில் சங்கிலியைப் பற்றிய கவலையும் இருக்காது.

நங்கூரம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது படகு நகர்ந்து போயிருந்தது. ஏன்?

கடல் ஏறியதுதான் காரணம். பிரிட்டனியின் சான்-மாலோ பக்கம் பெரிய ஏற்ற நாட்களில் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 12 மீட்டரைத் தொடும். நாலு மாடி உயரம் அது. வற்றத்தில் 2 மீட்டர் ஆழத்தில் நின்று, 10 மீட்டர் சங்கிலியை விட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்துக்கு அது தாராளம். தண்ணீர் 9 மீட்டர் ஏறியதும் ஆழம் 11 மீட்டர். சங்கிலி போதாமல் படகே நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஏற்றத்தின் முழு ஆழத்தைக் கணக்கிட்டு, சங்கிலி மட்டும் என்றால் அதைப்போல் குறைந்தது மூன்று மடங்கும், கயிறு சேர்ந்தது என்றால் ஐந்து மடங்கும் விட வேண்டும்.

ஏறுவது ஒரே சீராகவும் இருக்காது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். 12 மீட்டர் ஏறும் நாளில் மூன்றாம் மணியில் மட்டும் 3 மீட்டர், நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர். பாறை மேல் உட்கார்ந்திருப்பவரின் செருப்பு கண்ணெதிரே நனையும் வேகம் அது. பிரெஞ்சு ஓத (கடல் ஏற்ற-வற்ற) அட்டவணையில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 20 முதல் 120 வரை ஒரு எண் கொடுத்திருப்பார்கள். 45 பக்கம் என்றால் சாதுவான கடல். 95-ஐத் தாண்டினால் நீரோட்டமும் கடுமையாக இருக்கும், சில படகுத் துறைகளில் வற்றத்தின்போது தண்ணீரே இருக்காது. அந்த எண்ணைப் பார்க்காமல் சின்னப் படகில் கிளம்பவே கூடாது.

டிரெய்லர் சக்கரம் நடுவழியில் சிக்கிக்கொண்டது. கிரீஸ் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

நெடுஞ்சாலையில் ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் சூடாக இருக்கும். அப்படியே கடலில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் வெள்ளைக் கூழாகும், பிறகு பேரிங் துருப்பிடித்துச் சிக்கும். ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடு தெரியாமல் போகும் வரை, அரை மணி நேரமாவது, காத்திருந்து இறக்குங்கள். ஏற்றிய பிறகு பிரேக் டிரம்மை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். குளிர்காலத்தில் சக்கரம் தரையைத் தொடாதபடி அச்சைத் தாங்கிகளின் மேல் நிறுத்தி வையுங்கள்.

மூடி வைத்த படகில் தண்ணீர் நிறைந்து டிரெய்லர் வளைந்துவிட்டது.

நாலரை மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் உள்ள படகின் பரப்பு ஏறத்தாழ 8 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டர், அதாவது 800 கிலோ. நடுவில் கழி கொடுக்காமல் கட்டிய தார்ப்பாய் குழிந்து அத்தனையையும் தாங்கி, ஒரு நாள் கிழியும். கூரை முகடு மாதிரி நீளவாக்கில் ஒரு கழி கொடுங்கள். படகின் முன்பக்கம் உயர்ந்திருக்கட்டும். வடிகால் மூடியைக் கழற்றி ஸ்டீயரிங்கிலேயே கட்டித் தொங்கவிட்டால், அடுத்த கோடையில் அதைப் போடாமல் படகைக் கடலில் இறக்க மாட்டீர்கள். பாட்டரியை 12.7 வோல்ட் வரை ஏற்றி, கழற்றி, வீட்டுக்குள் வையுங்கள்.

பாதுகாப்புச் சாமான்களை விமானத்தில் கொண்டுபோகலாமா?

ஆபத்தில் சைகை காட்ட எரிக்கும் கைத் தீப்பந்தங்களை விமானத்தில் ஏற்றவே முடியாது. தானாக ஊதும் லைஃப் ஜாக்கெட்டின் வாயுக் குப்பிக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. அங்கேயே வாங்கி அங்கேயே வைத்துவிடுங்கள். பிரெஞ்சு விதிப்படி, ஒதுங்கக்கூடிய கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள் ஆளுக்கு 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) மிதவை உடை போதும். 2 முதல் 6 மைல் வரை 100 நியூட்டன் உடையும், மூன்று சிவப்புக் கைத் தீப்பந்தங்களும், திசைகாட்டியும் வேண்டும். ஆபத்தில் வி.எச்.எஃப். கடல் ரேடியோவில் 16-ஆம் சேனல், போனில் 196.

நாங்கள் இல்லாதபோது பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டட்டுமா?

தற்காலிக அனுமதியில் உள்ள படகை, நீங்கள் இல்லாதபோது பிரான்ஸில் வசிப்பவர் ஓட்டினால் அந்தச் சலுகையே பறிபோகும். வரி கட்டிய படகாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸில் அவர் பெயர் இருக்க வேண்டும். பிறருக்கு நேரும் சேதத்துக்கும், மூழ்கிய படகை எடுக்கும் செலவுக்கும் காப்பீடு இருக்கிறதா என்று துறைமுக அலுவலகமும் கேட்கும். அவர் மாதம் ஒருமுறை தார்ப்பாயையும் கயிற்றையும் பார்த்து ஒரு படம் அனுப்பினாலே பெரிய உதவி.