ஒரு நேரத்தில் ஒரு விரல்

அன்புள்ள டீச்சர்,

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் எங்களுக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கவே சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் அட்டைகளைப் பற்றி நீங்கள் ஏக்கத்தோடு எழுதிய கட்டுரையைப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், மாற்றுக் கல்வி என்பதே பணக்காரப் பள்ளிகளின் சமாச்சாரம் இல்லையா? போர்டு வந்த பிறகும் அட்டையைப் பேசுவது வெறும் பழைய நினைப்புதானே? அந்த அட்டைகளை நான் பார்த்ததுகூட இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோபமெல்லாம் இல்லை. முதல் கேள்விக்குப் பாதி ஆமாம். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் இருக்கும், மாற்றுக் கல்விக்குப் பேர்போன ரிஷிவேலி உறைவிடப் பள்ளியில் நம் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது, கட்டணம் அப்படி. ஆனால் அட்டைகள் உருவானது அதைச் சுற்றியிருந்த கிராமங்களின் சின்னப் பள்ளிகளுக்காக, ஒரே ஆசிரியர் ஒரே அறையில் எல்லா வகுப்பையும் வைத்துக்கொண்டு திண்டாடிய இடங்களுக்காக. ஒருவர் ஒரே நேரத்தில் நாலைந்து வகுப்புக்குப் பாடம் நடத்த முடியாதே, அதனால் பாடத்தைத் துண்டு துண்டாக அட்டையில் போட்டு, எதற்குப் பிறகு எது என்று ஓர் ஏணிப்படி வரைந்து சுவரில் மாட்டிவிட்டார்கள். பிள்ளை தன் படியைப் பார்த்து, தானே போய் அட்டையை எடுத்துக்கொள்ளும். இந்த முறையைத்தான் 2003-ல், எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007-08ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. எங்களுடையது தருமபுரிப் பக்கத்து ஈராசிரியர் பள்ளி, அங்கேயும் வந்தது. இதில் பணக்காரர் எங்கே இருக்கிறார்?

ஏக்கம் என்கிறீர்கள். சரி, கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தக் கட்டுரையில் நான் சொல்லாமல் விட்டதும் உண்டு. முதல் வருடம் பாய் விரித்துப் பிள்ளைகளைக் குழு குழுவாக உட்கார வைத்தபோது பெற்றோர் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, "சீட்டு விளையாடவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று கேட்டார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அதைவிட மோசம், அதிகாரிகள் பார்வைக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் பதிவேட்டில் பிள்ளைகளை இரண்டு மூன்று படி ஏற்றி எழுதிவிடுவேன். ஏணியில் மேலே நின்ற பையனுக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாது. எழுதியது என் கைதான், முறையைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்று எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறீர்களே, அங்கேயும் இந்த ஆசை வரும், கவனமாக இருங்கள்.

அப்புறம், அட்டை தொலையும். ஒன்று தொலைந்தால் ஏணியில் அந்த இடத்தில் எல்லோரும் நின்றுவிடுவார்கள். ஒருமுறை மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஓர் அட்டை காணவில்லை, தேடிக்கொண்டே இருந்தேன். அதை ஏற்கெனவே முடித்திருந்த ஒரு பெண் பிள்ளை, பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் நினைவிலிருந்து அதை எழுதிக்கொண்டு வந்து வைத்தாள். கணக்கில் எண்கள் மாறியிருந்தன, விடை சரியாகத்தான் வந்தது. வருட முடிவு வரை அவள் அட்டைதான் ஓடியது. நான் ஏங்குவது இதற்குத்தான், அட்டைக்கு இல்லை.

போர்டுக்கு வருகிறேன். போன வருடம் தெரிந்த ஆசிரியை ஒருவர் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல ஆசிரியை, நல்ல பாடம், திரையில் இலை விரிகிறது, வேர் தண்ணீர் குடிக்கிறது. ஒரு பிள்ளை எழுந்து போய்த் தொடும், மற்ற இருபத்தெட்டும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும். ஒரு நேரத்தில் ஒரு விரல். செயல்வழிக் கற்றலில் முதலில் செய்த வேலையே கரும்பலகையைப் பிள்ளை உயரத்துக்கு இறக்கி, சுவர் நீளத்துக்கும் நீட்டி, ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுத்ததுதான். இப்போது பலகை மறுபடி மேலே ஏறிவிட்டது, வெளிச்சத்தோடு. அதனால் எதிர்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். கடலையே பார்க்காத பிள்ளைக்கு அலையைக் காட்ட என்னிடம் அன்று சாக்பீஸ்தான் இருந்தது, உங்களிடம் போர்டு இருக்கிறது, காட்டுங்கள். பத்து நிமிடம் காட்டிவிட்டு அணைத்துவிடுங்கள். 2018-லிருந்து பாடநூலில் க்யூஆர் கோடு இருக்கிறதே, அதையும் எப்போதும் நீங்களே ஸ்கேன் செய்யாமல் போனை ஒரு குழுவின் கையில் கொடுத்துப் பாருங்கள்.

என் கடைசி இரண்டு வருடம் நான் செய்த ஒரே தொழில்நுட்ப வேலை, என் போனில் பிள்ளைகளே தங்கள் பாட்டியின் கதையைப் பதிவு செய்து வரச் சொன்னது. மறுநாள் நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுவார்கள். "பாட்டி 'ஏலா'ங்குது, அதை எப்படி டீச்சர் எழுதறது?" என்று அரை மணி நேரம் சண்டை. போன் இரண்டு முறை கீழே விழுந்தது, கண்ணாடி மாற்ற ஆன காசைச் சொன்னால் வீட்டில் இப்போதும் திட்டு விழும்.

அட்டைகளைப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்புக் கணக்குப் பெட்டி ஒன்று என்னிடம் பரணில் இருக்கிறது. முகவரி எழுதுங்கள், அனுப்புகிறேன். காலண்டர் அட்டையை மட்டும் நான் வைத்துக்கொள்வேன், அதை நீங்கள் உங்கள் பிள்ளைகளை விட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.