இரண்டு லேபில் இரண்டு ஐ.என்.ஆர்.: எதை நம்புவது?

கேள்வி (வாசகி, களக்காடு): என் கணவருக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெக்கானிக்கல் வால்வு வைத்து நாலு வருடம் ஆகிறது. ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் ராத்திரி அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் உள்ளூர் லேபில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்; ஏற ஏறத் தாமதம் கூடும்) 4.1 என்றார்கள். பயந்துபோய் மறுநாள் பாளையங்கோட்டையில் பார்த்தால் 2.9. மாத்திரையைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்காதீர்கள். அந்த இடத்தில் மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்களுக்கு ஐ.என்.ஆர். 2.5 முதல் 3.5 வரை இருக்கும்படி பார்ப்பதுதான் வழக்கம். இரண்டாவது எண் சரியென்றால் அவர் நடுவாந்திரமாக, நல்ல நிலையில் இருக்கிறார். மாத்திரையைக் குறைத்தால் வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கலாம்.

முதலில் ஒன்றை அவரிடம் கேளுங்கள்: 4.1 என்றதும் அன்று ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டாரா? அசிட்ரோமின் வீரியம் எட்டு முதல் பதினொரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு வேளை மாத்திரையை விட்டாலே மறுநாள் எண் இறங்கலாம். அதே வகை மாத்திரையான வார்ஃபரின் அப்படியல்ல, அதில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும்.

விடவில்லை என்றால் சந்தேகம் டியூப் மேல்தான். இந்தப் பரிசோதனைக்கு இளநீல மூடி போட்ட டியூப். அதில் 0.3 மில்லி சிட்ரேட் திரவம் இருந்தால் ரத்தம் 2.7 மில்லி சேர வேண்டும், அதாவது ஒன்றுக்கு ஒன்பது பங்கு. நரம்பு கிடைக்கவில்லை என்று ஒன்றரை மில்லியோடு நிறுத்திவிட்டால் சிட்ரேட் மிஞ்சிவிடும். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். மிஞ்சிய சிட்ரேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உறைய நேரமாகும், எண் பொய்யாக ஏறும். டியூபில் ஒரு கோடு போட்டிருக்கும். ரத்தம் அந்தக் கோடு வரை வந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், கேட்பதில் தப்பே இல்லை. எடுத்த கையோடு மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. உள்ளே சின்னக் கட்டி விழுந்திருந்தால் அந்த ரத்தம் பரிசோதனைக்கு உதவாது. சின்ன லேபுகள் ரத்தத்தை டவுனுக்கு அனுப்புவதுண்டு. அப்போது ஐஸ் மேல் வைப்பதும் கெடுதல், சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடப்பதும் கெடுதல்.

கணக்கிலும் வித்தியாசம் வரும். நோயாளியின் ரத்தம் உறைய 26 வினாடி, இயல்பான அளவு 13 வினாடி என்றால் விகிதம் 2. லேப் ரத்தத்தில் கலக்கும் பரிசோதனை மருந்துக்கு ஐ.எஸ்.ஐ. என்று ஓர் எண் உண்டு; விகிதத்தை அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் வருவதே ஐ.என்.ஆர். ஐ.எஸ்.ஐ. 1 என்றால் ஐ.என்.ஆர். 2.0, அதுவே 1.2 என்றால் 2.3. அந்தப் பரிசோதனை மருந்தின் புட்டி மாறியபின் பழைய ஐ.எஸ்.ஐ. எண்ணையே போட்டுக் கணக்கிட்டால் விடை தப்பாகும். ஆகவே எப்போதும் ஒரே லேபில் பாருங்கள். இப்போது இன்னொரு தடவை எடுத்து, மூன்று ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். இடையில் ஈறில் ரத்தம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், அடிபடாமலே நீலத்தழும்பு, விடாத தலைவலி என்று எது வந்தாலும் அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரத்தம் காலையில், மாத்திரை ராத்திரி என்ற பழக்கம் நல்லது. எண் மாறியிருந்தால் அன்றைய அளவையே டாக்டர் திருத்தலாம்.

கேள்வி (வாசகர், அம்பாசமுத்திரம்): அம்மா ஏகாதசி விரதம் இருந்து துவாதசிக்கு அகத்திக்கீரை சாப்பிடுவாள். வார்ஃபரின் சாப்பிடுவதால் கீரையே கூடாது என்கிறார்கள். சரிதானா?

பதில்: கீரை கூடும், திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் கூடாது. கரும்பச்சைக் கீரைகளில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிர்வேலை செய்யும். வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி கீரை என்று வழக்கம் இருந்தால், மாத்திரையின் அளவு அதற்கு ஏற்றபடி அமைந்துவிடும். ஒரு மாதம் கீரையே தொடாமல் இருந்துவிட்டு, ஒருநாள் முருங்கைக்கீரை நிறையப் போட்ட கூட்டாஞ்சோறும் மறுநாள் அகத்தியுமாகச் சாப்பிட்டால் எண் இறங்கும். அம்மா துவாதசிக்கு ஒரு கைப்பிடி சாப்பிடட்டும், மற்ற நாளிலும் கொஞ்சம் கீரை இருக்கட்டும். விரத நாளிலும் மாத்திரையை விடக் கூடாது.

கேள்வி (வாசகி, வள்ளியூர்): இந்த ரத்தம் கட்டாத மாத்திரை சாப்பிடும் ஆச்சிக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கேட்காமல் கொடுக்காதீர்கள். காய்ச்சலும் சாப்பாடு குறைவதும் தாமாகவே ஐ.என்.ஆரை ஏற்றும். அதன் மேல் வயிற்றுப்போக்குக்கென்று மெட்ரோனிடசோல் கொடுத்தால் இன்னும் ஏறும். கோட்ரைமாக்சசோலும் ஃபுளுகோனசோலும் அப்படித்தான். வலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம். எண் ஏறாமலே வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை, ஆனால் நாளுக்கு நாலு மாத்திரை வீதம் பல நாள் போனால் அதுவும் எண்ணைத் தள்ளும். புதிதாக எந்த மருந்து தொடங்கினாலும், நிறுத்தினாலும் மூன்று முதல் ஐந்து நாளில் ஒரு பரிசோதனை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எதிர்த்திசையில், எண்ணை இறக்கும். இடுப்பு ஊசி வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

கேள்வி (வாசகர், திசையன்விளை): ஐ.என்.ஆர். பரிசோதனையே தேவையில்லாத, ரத்தம் கட்டாமல் தடுக்கும் புது மாத்திரைக்கு மாறலாமா?

பதில்: மெக்கானிக்கல் வால்வு இருந்தால் கூடாது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய மாத்திரையே நல்லது. மற்றபடி படபடப்போடு இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கும், காலில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் டாபிகட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் பெரும்பாலும் பொருந்தும். ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், ஆனால் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை வருடத்துக்கு ஒருமுறையாவது வேண்டும், வயதானவர்களுக்கு இன்னும் அடிக்கடி. வேளை தவறினால் பாதுகாப்பு ஒரே நாளில் போய்விடும்.