கபோய்ரா: சண்டையா, நடனமா?

அன்புள்ள சார்,

பிரேசில் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த நாட்டுக் கபோய்ரா வீடியோக்கள் நாலைந்து பார்த்தேன். கால் சுழல்கிறது, குட்டிக்கரணம் அடிக்கிறார்கள், ஆனால் ஒரு அடிகூட எதிராளி மேல் விழவில்லை. பின்னால் பாட்டு வேறு. இது சண்டையா, நடனமா? அங்கோலா, ரெஜியோனல் என இரண்டு வகை உண்டாம். அங்கோலா வயதானவர்களுக்கு, ரெஜியோனல்தான் நிஜச் சண்டை என்றார் நண்பர். சரியா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

கபோய்ரா ஆடுபவர்கள் சொல்லும் வார்த்தை 'ஜோகார்'. விளையாடுவது என்று அர்த்தம். நமக்கு 'ஆட்டம்' என்ற சொல் இருக்கிறது. சடுகுடுவும் ஆடுகிறோம், கரகமும் ஆடுகிறோம். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

உதை ஏன் படவில்லை? எதிராளி அதைக் கையால் தடுப்பதில்லை, அடியில் புகுந்துவிடுகிறான். 'மெய்யா லூவா ஜி கொம்பாசோ' என்று ஒரு உதை. கையைத் தரையில் ஊன்றி, மொத்த உடம்பும் சுழல, குதிகால் காம்பஸ் மாதிரி வட்டம் போட்டு வரும். அதைத் தடுக்கப் போனால் கைதான் போகும். ஆனால் கால் மேலே இருக்கும்போது உதைப்பவனின் பாரம் பெரும்பாலும் மற்றக் காலில் அல்லவா?

பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆறு மாதம் இதைக் கற்கப் போனேன். ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தியோடு ஆட்டம். வீராப்பாகக் காலைச் சுழற்றினேன். அவள் குனிந்தாள், என் ஊன்றிய காலின் பின்னால் பாதத்தைக் கொக்கி மாதிரி மாட்டினாள், லேசாக இழுத்தாள். அவ்வளவுதான், பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பெயர் 'ரஸ்தெய்ரா'. நெஞ்சில் நேராக விடும் உதைக்கு அவர்கள் வைத்த பெயர் 'பென்சாவ்', அதாவது ஆசீர்வாதம்! இந்தக் குசும்பு ஆட்டம் முழுக்க உண்டு.

இப்போது வகைகள். பிரேசிலின் 1890 குற்றச் சட்டத்தில் கபோய்ரா ஆடினால் சிறை. அந்தத் தடை நீங்கும் முன்பே, 1932-ல், சால்வடோர் நகரில் மெஸ்த்ரி (ஆசான்) பிம்பா பள்ளி தொடங்கினார். ஆட்டத்தில் சண்டை நீர்த்துவிட்டது என்பது அவர் குறை. 'பத்தூக்கி' என்ற பழைய மல்லுக்கட்டிலிருந்து பிடிகளைச் சேர்த்தார், இருவர் சேர்ந்து பழக எட்டு அடவுத் தொடர்கள் வகுத்தார். அதுதான் ரெஜியோனல். மெஸ்த்ரி பஸ்தீன்யா 1941-ல் பழைய முறைக்கென்று பள்ளி அமைத்தார். அது அங்கோலா.

அங்கோலா வயதானவர்களுக்கு என்பதைத்தான் ஒப்பமாட்டேன். தரையோடு தரையாக, கையூன்றி, மெதுவாக நகர்ந்து பாருங்கள், தொடை நடுங்கும். அப்புறம் அதில் 'ஷமாடா' என்று ஒன்று. நடு ஆட்டத்தில் ஒருவர் நின்று கையை விரித்து அழைப்பார். மற்றவர் முகத்தைக் காத்தபடி நெருங்கி உள்ளங்கையைச் சேர்க்க வேண்டும். இருவரும் முன்னும் பின்னும் நாலடி நடப்பார்கள், பார்க்க சமாதானம் மாதிரி இருக்கும். எந்த அடியில் முழங்கால் எழும், தலை முட்டும் என்று தெரியாது. எனக்கு இதுதான் கபோய்ராவின் உச்சம். நீங்கள் பார்த்த அந்தரக் குட்டிக்கரணமெல்லாம் பெரும்பாலும் பின்னால் இரண்டையும் கலந்து உருவான பாணி.

பாட்டை விட்டுவிடாதீர்கள். 'பெரிம்பாவ்' என்பது சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றைக் கம்பி வில். பழைய டயரிலிருந்து உருவிய கம்பிதான் வழக்கம். அங்கோலாவில் மூன்று வில், ரெஜியோனலில் ஒன்று. ஆட்டத்தின் வேகத்தை முடிவு செய்வது அதுதான். 'கவலாரியா' என்ற தாளம் குதிரைக் குளம்பொலி போலவே இருக்கும். குதிரைப் போலீஸ் வருகிறது, ஓடு என்று அர்த்தமாம்.

அந்த வீடியோக்களை மறுபடி போடுங்கள். பெரிய வில் வைத்திருப்பவர் அதைத் தாழ்த்தும் இடத்தைக் கவனியுங்கள். ஆடுகிற இருவரும் அப்படியே விட்டுவிட்டு வில்லின் காலடிக்கு வந்துவிடுவார்கள்.