பந்தயம் நெருங்கும்போது காலில் காயம்: ஓட்டக்காரர்களின் கேள்விகள்

பந்தயத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. நேற்று வேகப் பயிற்சியில் கெண்டைக்கால் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. மீதிப் பயிற்சியை எப்படி முடிப்பது?

முடிக்க வேண்டாம். கடைசி வாரத்தில் ஓடும் ஓட்டம் யாரையும் வேகமாக்குவதில்லை. ஒரு வாரம் ஓய்வெடுத்தால் உடல்தகுதி கரைந்துவிடுவதும் இல்லை. காயம்பட்டதிலிருந்து 48 மணி நேரம்வரை துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். மீள்பட்டைக் கட்டு (எலாஸ்டிக் பேண்டேஜ்) போடலாம். விரல்கள் மரத்தால் தளர்த்திவிடுங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் நீவ விடாதீர்கள். தசைநார் கிழிந்திருந்தால் நீவும்போது உள்ளே ரத்தக்கசிவு கூடும். வெந்நீர் ஒத்தடத்துக்கும் காலை இழுத்து நீட்டுவதற்கும் அதே விதிதான்.

மூன்றாம் நாள் முதல், வலிக்காத அளவுக்கு நடை, சைக்கிள். நான்காம் நாள் சோதித்துப் பாருங்கள்: காயம்பட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை 20 முறை உயர்த்துங்கள், அதே காலில் 10 முறை குதியுங்கள், இரண்டிலும் வலி இல்லையென்றால் 20 நிமிடம் மெதுவாக ஓடுங்கள். தீர்ப்பு மறுநாள் காலையில்தான் தெரியும். எழுந்து வைக்கும் முதல் அடிகளில் விறைப்பு கூடியிருந்தால் இந்தப் பந்தயம் உங்களுடையது அல்ல.

பிடித்தபோது ‘டப்’ என்று சத்தம் கேட்டு, இப்போது குதிகாலை உயர்த்தவே முடியவில்லை என்றால் கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் அறுந்திருக்கலாம். சோதனையெல்லாம் வேண்டாம், இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கணுக்கால் பிசகி வீங்கியிருக்கிறது. எக்ஸ்ரே அவசியமா?

வீக்கத்தின் அளவை வைத்து முடிவெடுக்க முடியாது. இரு பக்கமும் புடைத்திருக்கும் கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளியோரம் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும் எலும்பையும், உட்புறம் பாதவளைவின் மேலுள்ள எலும்பையும் அப்படியே அழுத்துங்கள். எங்காவது எலும்பே வலித்தாலோ, தாங்கித் தாங்கியாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே தேவை. எலும்பு முறியவில்லை என்றாலும், கண்ணை மூடி அந்தக் காலில் தடுமாறாமல் நிற்க முடியாதவரை ஓடாதீர்கள், மீண்டும் பிசகும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா?

கூடாது. வலிதான் உங்களை நிறுத்தும் ஒரே காவல்; அதை மறைத்தால் சிறு கிழிசல் பெரிதாகும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். நீண்ட ஓட்டத்தில் உடல் நீர் வற்றும்போது அது இரட்டைச் சுமை.

குதிகாலில் கொப்புளம். நாளை ஓட்டம்.

சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் உடைக்காதீர்கள். அழுத்தி வலித்தால், கையைச் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்க வேண்டாம். அதைவிட நல்ல கட்டு கிடையாது. காய்ந்ததும் ஒட்டுப்பட்டையைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள், சுருக்கம் இருந்தால் அதுவே அடுத்த கொப்புளம். நீரிழிவு உள்ளவர்கள் தாங்களே குத்தக் கூடாது.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது. ஓட ஓடச் சரியாகிவிடுமா?

எங்கே வலிக்கிறது என்று கேட்டால், கையை நீளமாகத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் எலும்பு உறையின் எரிச்சல். சூடேறியதும் குறையும், சுமையைக் குறைத்தால் ஆறும். ஒற்றை விரலால் ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டினால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஆரம்பக் கீறல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அதுவரை ஓட்டத்தை அடியோடு நிறுத்துங்கள்.