காந்த வளைய நினைவகம்: இரண்டாவது தடவை படித்தால் 0 வருவது ஏன்?

நீங்கள் செய்த 4×4 காந்த வளையப் பலகையில் ஒரே வளையத்தைப் படித்தால் முதல் தடவை 1, அடுத்த தடவை 0 வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அது சாலிடரிங் கோளாறு இல்லை. இந்த நினைவகமே அப்படித்தான். ஒவ்வொரு வளையமும் எந்தத் திசையில் காந்தமாகி இருக்கிறது என்பதுதான் அதிலுள்ள 0 அல்லது 1. படிப்பதென்றால் மின்னோட்டம் விட்டு அந்தத் திசையை 0 பக்கம் தள்ளிப் பார்ப்பது. அது புரண்டால், வளையங்களுக்குள் போகும் சென்ஸ் கம்பியில் (படிக்கும் கம்பி) சின்னதாக ஒரு துடிப்பு வரும், அதுதான் 1. ஆனால் படித்த கையோடு உள்ளே 0 மட்டும்தான் மிச்சம்.

இந்த நினைவகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆன் வாங் ஹார்வர்டில் ஹோவர்ட் எய்க்கனின் ஆய்வகத்தில் முட்டி நின்றதும் இதே இடத்தில்தான். அழிந்தால் அழியட்டும், படித்தது கையில் இருக்கிறதே, உடனே திரும்ப எழுதிவிட்டால் போச்சு என்று முடித்தார். 1949-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1955-ல் கிடைத்தது, மறு வருஷமே ஐபிஎம் அதை 5 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது.

உங்கள் நிரலில் அந்தத் திரும்ப எழுதும் படி விட்டுப்போயிருக்கும். இப்படிப் பாருங்கள்:

1. ஒரு வளையத்தில் 1 எழுதிப் படியுங்கள்.
2. 1 வந்தால் உடனே எதிர்த்திசைத் துடிப்பு கொடுங்கள். 0 வந்தால் சும்மா விடுங்கள்.
3. மறுபடி படியுங்கள்.

அப்புறம் ஒன்று. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் எக்ஸ், ஒய் கம்பிகளில் பாதிப் பாதி மின்னோட்டம் விட்டு, இரண்டும் சந்திக்கும் ஒரே வளையத்தைத் தேர்ந்தெடுப்பது வாங்குடையது இல்லை, எம்ஐடியின் ஜே ஃபாரெஸ்டருடையது. 1953-ல் வேர்ல்விண்ட் கணினியில் ஓடியது. அதற்குச் சதுர ஹிஸ்டெரிசிஸ் உள்ள ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வேண்டும், அதாவது பாதி மின்னோட்டத்துக்கு அசையாமல், முழு மின்னோட்டத்துக்கு மட்டும் சட்டென்று புரள வேண்டும். இரைச்சல் வடிகட்டப் போடும் சாதாரண ஃபெரைட் மணிகளைக் கோத்திருந்தால், பாதி மின்னோட்டமே பக்கத்து வளையங்களைக் கலைத்துவிடும், நிரலை எவ்வளவு திருத்தினாலும் சரிவராது.