கழிவுநீர் கலந்த கிணற்றை எத்தனை நாள் விட்டுவைத்தால் கிருமிகள் சாகும்?

மழையில் கழிவறைக் குழி நிரம்பிக் கிணற்றில் கலந்துவிட்டது, ஒரு மாதம் இறைக்காமல் விட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

கேரளத்தில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கொரு கிணறு, வீட்டுக்கொரு குழி. துலா மழை (ஐப்பசி மழை) ஓய்ந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும். "வெயில் அடித்தால் எல்லாம் செத்துப்போகும்" என்பார் பக்கத்து வீட்டுச் சேச்சி. ஆற்றுக்கு அது பொருந்தும். தெளிந்த நீரில் நல்ல வெயில் பட்டால், மலத்தோடு வரும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே அழிந்துவிடும். கிணற்றுக்குள் வெயில் உச்சிப்பொழுதில் எட்டிப் பார்ப்பதோடு சரி. உள்ளே இருட்டு, அடியில் சேறு. சேற்றில் ஒட்டிய கிருமி வாரக்கணக்கில் கிடந்து, வாளி இடிக்கும்போது கலங்கி மேலே வரும்.

20 டிகிரி வெப்பத்தில் எது எவ்வளவு தாங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. சீதபேதி தரும் ஷிகெல்லாவுக்கு ஒரு வாரம் வரை. நோய் தரும் ஈ.கோலை, குடல் ஒட்டுண்ணிகளான ஜியார்டியா, அமீபா ஆகியவற்றுக்கு ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் வயிற்றுப்போக்கு தரும் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியமும் ஒரு மாதத்தையும் தாண்டும். இந்தக் கடைசி ஆசாமிக்குக் குளோரினும் பொருட்டல்ல. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியாகச் சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது இதுதான். நம் ஊர்த் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பானது, அதனால் ஆயுள் சற்றுக் குறையும். அதை நம்பி நாள் எண்ண முடியாது.

பரிசோதனைக் கூடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 100 மில்லி நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். ஆனால் ஈ.கோலை செத்த பிறகும் வைரஸ் உயிரோடு இருக்கலாம். 'இல்லை' என்று வரும் அறிக்கை, காமாலை வராது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

இதற்கெல்லாம் முன்னால், குழி இன்னும் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் தினமும் புதுக் கிருமி வந்துகொண்டே இருக்கும், பழையதன் ஆயுளைக் கணக்கிட்டுப் பயனில்லை. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 7.5 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது கேரளக் கட்டட விதி. ஜெர்மனியில் மீட்டரைப் பார்ப்பதைவிட நாளைப் பார்க்கிறார்கள்: நீர் மண்ணுக்குள் 50 நாள் நடந்து கிணற்றை அடையும் தூரத்துக்குள் கழிவு சேரக் கூடாது. எனக்கு இந்தக் கணக்குதான் நியாயமாகப் படுகிறது. எங்கள் பக்கம் அடியில் பாறை. வெடிப்பு ஒன்று அகப்பட்டால் கழிவுநீர் வடிகட்டப்படாமல் விறுவிறுவென்று வந்துவிடும், 7.5 மீட்டர் ஒரு பொருட்டே அல்ல.

கசிவை அடைத்த பின் கிணற்றை இறைத்து, சேற்றை வாரி, ஊறிய நீருக்கு பிளீச்சிங் பவுடர் போடுங்கள். கலங்கல் தெளிந்த பிறகுதான் போட வேண்டும், கலங்கிய நீரில் குளோரின் வீணாகும். ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம். 3 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 21,000 லிட்டர், சுமார் 105 கிராம் பிடிக்கும். பக்கெட்டில் கொஞ்சம் நீர் விட்டுக் குழம்பாகக் குழைத்து, பிறகு நிறைய நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பத்து நிமிடம் விடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி, கயிற்று வாளியை முக்கி மேலும் கீழுமாக அலசுங்கள். ராத்திரி போட்டால் காலையில் புழங்கலாம். பொட்டலம் பிரித்து மாதக்கணக்கான பவுடர் வேண்டாம், அதில் வீரியம் இருக்காது.

குடிக்க மட்டும் கொதிக்க வைத்த நீர். தளதளவென்று கொதித்தால் மேலே சொன்ன எதுவும் மிஞ்சாது. ஆனால் கல்யாண வீடுகளில் பதிமுகம் (தண்ணீரைச் சிவப்பாக்கும் மரச்சீவல்) போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, சூடு ஆறட்டும் என்று அதிலேயே பச்சைத் தண்ணீரை ஊற்றிப் பரிமாறுவார்கள். வீட்டிலும் சிலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. பச்சைத் தண்ணீரோடு கிருமியும் திரும்ப வந்துவிடும். அவசரம் என்றால் முந்தின இரவே கொதிக்க வைத்து மூடி வைத்துவிடுங்கள்.