மெஷினைக் கடைசியில் வாங்குங்கள்

அன்புள்ள ஐயா,

கார் உதிரிபாக ஆலையில் பதினாறு வருஷம் தரப்பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். லைனை மூடியதில் வேலை போனது. அப்புறம் கிடைத்ததெல்லாம் ஒப்பந்த வேலைதான். வயது 43. செட்டில்மென்ட் பணத்தோடு கடனும் வாங்கி, புது சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் ஆரம்பிக்க ஆசை. மனைவி பயப்படுகிறார். என்ன சொல்கிறீர்கள்?

கு.ம., சிங்கப்பெருமாள்கோவில்

அன்புள்ள கு.ம.,

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. இருந்தாலும் தொழில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். மெஷினை மட்டும் கடைசியில் வாங்குங்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் வந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. உங்கள் பக்கத்து ஊரில் ஃபோர்டு 2022-ல் நின்றது. பெரிய கம்பெனி வேலை ஓய்வுக்காலம் வரை கூட வரும் என்று நம்புவதற்கு இனி இடமில்லை. அதற்காக, வேலை போனவர்களையெல்லாம் முதலாளி ஆகச் சொல்லி மேடையில் உசுப்பேற்றுபவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. பணம் எப்போது கைக்கு வரும் என்பதை அவர்கள் சொல்வதே இல்லை.

ஜாப் ஒர்க்கில் மெட்டீரியலை கம்பெனியே சலான் போட்டு அனுப்பிவிடும். நமக்குக் கடைசல் கூலி. முதலீடு குறைவு போலத் தெரியும். ஆனால் தவணை, கரண்ட் பில், ஆள் சம்பளம் மூன்றும் மாதம் தவறாது. உங்கள் பில்லுக்கான பணமோ மூன்று மாதம் கழித்து, ரிஜெக்‌ஷன் பிடித்தம் போக வரும். ஆர்டர் கைநிறைய இருக்கும்போதே மூடிய பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன்.

2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்தில் கூடுதல் நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. ஆர்டர் போய்விடும் என்று பயந்து பலர் புகார் செய்வதில்லை. அதைவிட உதவுவது வருமான வரி விதி. 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, ஆர்டர் கொடுத்த கம்பெனிகள் தந்த பிறகுதான் செலவாகக் காட்ட முடியும். அதனால் அவர்களின் ஆடிட்டரே பாக்கியைத் தீர்க்கச் சொல்வார். முதல் சரக்கை அனுப்பும் முன்பே உத்யம் பதிவை (குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் பதிவு) முடித்துவிடுங்கள்; கட்டணம் கிடையாது.

உங்கள் மூலதனம் உங்கள் கண்தான். டிராயிங் படிக்கவும், மைக்ரோமீட்டர் பிடிக்கவும், எந்த பீஸ் திரும்பி வரும் என்று சொல்லவும் தெரிந்தவர் நீங்கள். சென்னைப் பக்கம் திருமுடிவாக்கம், அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் மெஷின் சும்மா நிற்கும் பட்டறைகள் கிடைக்கும். ஆர்டரை நீங்கள் பிடித்து, அங்கே ஓட்டி வாங்கி, பரிசோதித்து உங்கள் பில்லில் அனுப்புங்கள். லாபம் கொஞ்சம்தான். ஆனால் யார் சொன்ன நாளில் பணம் தருகிறார் என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். ஒரே கம்பெனியை நம்பி ஓட்டாதீர்கள். அவர்கள் லைனை மூடினால் மறுபடியும் தெருவில் நிற்க வேண்டியதுதான், இந்தமுறை கடனோடு. ஒழுங்காகப் பணம் தரும் மூன்று பேராவது சேர்ந்த பிறகு, பழைய மெஷினாகப் பாருங்கள்.

செட்டில்மென்ட் பணத்தில் ஒரு வருஷ வீட்டுச் செலவை மனைவி பெயரில் வைப்பாகப் போடுங்கள். மெஷினே ஜப்தியானாலும் அதை எடுப்பதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.